ஏ9 வீதியோரப் பாடசாலைக் கடவைக்கு உணரி: வன்னியில் எது நின்று பிடிக்கும்?

வீதியோர ஆசிரியர் எழுதியது:

வன்னியில், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியை ஒட்டிய பாடசாலையொன்றில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். பாடசாலை வாயிலுக்கு முன்னாலுள்ள மஞ்சள் கடவையில் ஒருவர் வந்து நின்றதும் தானாகவே மினுங்கி, வரும் வாகனங்களை எச்சரிக்கும் விளக்கு ஒன்றை இவ்வாண்டுச் செயற்றிட்டமாகச் செய்ய மாணவர்கள் விரும்புகிறார்கள். ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை, ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் மீயொலி உணரி, உடல் வெப்பத்தை உணரும் செங்கீழ்க் கதிர் உணரி ஆகியவற்றை வாங்கி மேசையில் பொருத்திப் பார்த்துவிட்டார்கள். வகுப்பறைக்குள் அது குறையின்றி வேலை செய்கிறது.

வீதியிலும் வேலை செய்யுமா என்பதே என் சந்தேகம். போர்க்காலத்தில் குண்டும் குழியுமாகக் கிடந்த இந்த வீதியில் எவரும் விரைந்து ஓட முடியவில்லை. இப்போது காப்பெற் தார் இடப்பட்டு நூல் பிடித்தாற்போல நேராகக் கிடப்பதால், ஓமந்தையைத் தாண்டிய வாகனங்கள் சந்திகளைத் தவிர வேறெங்கும் வேகத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. காலை ஏழரைக்கு முன்னரும் பிற்பகல் ஒன்றரைக்குப் பின்னரும் பிள்ளைகள் கூட்டமாக வீதியைக் கடக்கிறார்கள். அந்த நேரங்களில் பொலிஸார் வந்து நின்றால் பயமில்லை. அவர்கள் எல்லா நாளும் எல்லாப் பாடசாலைக்கும் வர முடியாது.

எந்த உணரி எமது வெயிலுக்கும் மாரிக்கும் பொருந்தும், யாரிடம் அனுமதி பெற வேண்டும், இதனால் உண்மையாகவே பயன் உண்டா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையேன்.


பற்றாசு எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இலத்திரனியல் திருத்த வேலை செய்பவன் என்ற வகையில், உங்கள் கையிலுள்ள இரண்டு உணரிகளைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

உடல் வெப்பத்தை உணரும் கருவி மனிதனைக் காண்பதில்லை. தன் முன்னாலுள்ள பின்னணிக்கும் அதைக் கடந்து நகரும் பொருளுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை மட்டுமே அது காண்கிறது. காலையில் மதிலும் மண்ணும் குளிர்ந்திருக்கும்போது பிள்ளையின் உடல் அவற்றைவிடச் சூடானது. ஆகவே உணரி நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏற ஏறப் பின்னணியும் சூடாகி, ஒரு கட்டத்தில் உடலின் மேற்பரப்பு வெப்பநிலைக்குச் சமனாகிவிடும். அந்த வேளையில் பிள்ளை முன்னால் நடந்து போனாலும் உணரிக்கு எதுவும் தெரியாது. அதற்கு மேலும் தார் கொதிக்கும்போது பிள்ளையே பின்னணியைவிடக் குளிர்ந்த பொருளாகத் தெரிவதால் மீண்டும் பிடிக்கத் தொடங்கும். சித்திரை தொடங்கி ஆவணி வரை எமது பகுதியில் நிழலிலேயே 35 பாகையைத் தொடும் நாட்கள் பல. பாடசாலை விடும் ஒன்றரை மணி அந்தச் சிக்கலான வேளைக்கு உள்ளேயோ அருகிலோதான் விழும். இது போதாதென்று, சோளகக் காற்றில் ஆடும் சூடான பற்றை ஒன்றே அதை வீணாகத் தூண்டிவிடும்.

இன்னொன்று: இவ்வகை உணரி அசைவைத்தான் பிடிக்கும். ஓரத்தில் அசையாமல் நின்று இடைவெளிக்காகக் காத்திருக்கும் பிள்ளை சில செக்கன்களில் அதன் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. எமக்குத் தேவையானதோ அந்தக் காத்திருக்கும் பிள்ளைதான்.

மீயொலி உணரியின் எட்டு தூரம் நான்கு மீற்றர் அளவே. துணி ஒலியை உறிஞ்சுவதால் மனிதர் விடயத்தில் அது இன்னும் குறையும். வெப்பத்தால் ஒலியின் வேகம் மாறும் என்று மாணவர்கள் கவலைப்படத் தேவையில்லை. 20 பாகையில் செக்கனுக்கு 343 மீற்றராக இருக்கும் வேகம் 40 பாகையில் 355 ஆகும். மூன்று மீற்றரில் பத்து சென்ரிமீற்றர் பிழை எமக்கு ஒரு பொருட்டல்ல. அதன் திறந்த வாய்க்குள் குளவி மண்கூடு கட்டுவதுதான் பெரிய பிரச்சினை. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, வெளியில் பொருத்திய எந்தக் கருவியையும் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் தெரிவு 24 கிகாஹேர்ட்ஸ் ராடார் உணரி. அதிலும் அதிர்வெண்ணைத் தொடர்ச்சியாக ஏற்றி இறக்கித் தூரத்தையும் அளக்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்; மலிவான டொப்ளர் வகை அசைவை மட்டும் பிடிக்கும் என்பதால் மேற்சொன்ன அதே குறை அதற்கும் உண்டு. தூரம் அளக்கும் வகைக்கு நின்றுகொண்டிருப்பவரின் மூச்சசைவு கூடப் போதும். வெயில், இருள், தூசி, மழை எதுவும் அதை அதிகம் பாதிப்பதில்லை. பிளாஸ்ரிக் பெட்டிக்குள் முழுதாக மூடி வைத்தாலும் வேலை செய்யும். வானொலி அலை வெளியிடும் கருவி என்பதால், செயற்றிட்டம் வகுப்பறையைத் தாண்டும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


மணல்வீதி எழுதியது:

நான் டிப்பர் சாரதி. டிப்பர்காரரைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக இங்கே வழக்குரைக்க வரவில்லை. சாரதியின் இருக்கையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எப்போதும் மினுங்கிக்கொண்டிருக்கும் விளக்கை ஒரு கிழமைக்குப் பிறகு எந்தச் சாரதியும் பார்ப்பதில்லை. கண் பார்க்கும், மனம் பார்க்காது. மனிதர் நிற்கும்போது மட்டும் எரியும் விளக்கு என்றால் நாங்கள் அதை மதிப்போம். ஆனால் அது மாட்டுக்கும் நாய்க்கும் எரியுமானால் முந்தைய கதைதான். மாலையில் தார் வெதுவெதுப்பாக இருப்பதால் இந்த வீதி முழுவதும் மாடுகள் வந்து படுக்கின்றன என்பதை ஆசிரியருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடவையருகே நாலு மாடு படுத்துவிட்டால் உங்கள் விளக்கு விடியும்வரை மினுங்கும்.

இரண்டாவது, கடவையிலேயே விளக்கு எரிந்து பயனில்லை. மணலோ கிரவலோ ஏற்றிய வண்டி உடனே நிற்காது. முன்கூட்டியே, தொலைவில் எமக்குத் தெரிய வேண்டும்.


வீதிமட்டம் எழுதியது:

தம்பி மணல்வீதி சொன்னதைக் கணக்காக எழுதினால் ஆசிரியரின் மாணவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். வீதி வேலைகளில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழக்கதோஷத்தால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தைக் கண்ட சாரதி தடையை மிதிப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் எடுக்கிறார் என்று வைப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் அந்த நேரத்தில் 21 மீற்றர் ஓடிவிடும். உலர்ந்த வீதியில் நன்றாகத் தடை பிடித்தால் மேலும் 14 மீற்றரில், அதாவது மொத்தம் 35 மீற்றரில் நின்றுவிடும். அதே கார் 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், தடை பிடிக்கத் தொடங்கும் முன்னரே 29 மீற்றர் போய்விடுகிறது. முழுதாக நிற்பதற்கு 56 மீற்றர் வேண்டும். முன்னையது நின்றுவிட்ட அதே 35 ஆவது மீற்றரில் பின்னையது இன்னும் மணிக்கு 60 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாரமேற்றிய டிப்பர் 60 கிலோமீற்றரில் வந்தாலே உலர்ந்த வீதியில் ஐம்பது மீற்றருக்கு மேல் வேண்டும்; மாரி மழையில் அறுபத்தைந்தைத் தாண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் கணக்கும் இதையே சொல்கிறது: சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் ஆபத்து நான்கு வீதம் கூடுகிறது; காரால் மோதப்படும் பாதசாரி இறப்பதற்கான ஆபத்து, 50 கிலோமீற்றரிலிருந்து 65 கிலோமீற்றருக்குப் போகும்போது நாலரை மடங்காகிறது. உலகில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இறக்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேரில் 92 வீதமானோர் எம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான்: வேகத்தைக் குறைக்காத இடத்தில் உணரி வைப்பது, கூரை ஒழுகும் வீட்டில் வாளி வைப்பதற்கு ஒப்பானது. வாளியும் தேவைதான், அது கூரைக்கு ஈடாகாது. கடவையையே நடைபாதை மட்டத்துக்கு மேடாக உயர்த்திக் கட்டினால், மின்சாரமோ மென்பொருளோ இல்லாமல், பகலிரவு பாராமல் ஒவ்வொரு வாகனத்தையும் அது மெதுவாக்கும். ஏ தர வீதியில் எதைச் செய்வதற்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதம் வேண்டும்; தூர இடங்களை இணைக்கும் பிரதான வீதியில் மேடு கட்ட அவர்கள் இலகுவில் இணங்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகக் கேட்காமல் விடக் கூடாது. உள்வீதிகள் பிரதேச சபைக்கோ மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியவை என்பதால் அங்கே இது இலகுவானது.


முறிகண்டிக் கச்சான் எழுதியது:

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பயன்பாட்டிலுள்ள ஒரு முறையை ஆசிரியரின் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

பிரித்தானியாவில் 1951 இல் வரிக்குதிரைக் கடவை வந்தது. அதன் இருபுறமும் மஞ்சள் உருண்டை விளக்குகள் இடைவிடாது மினுங்கும். 1969 இல் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விழும் 'பெலிக்கன்' முறை வந்தது. அதில் ஒரு தொல்லை: பொத்தானை அழுத்திய ஒருவர், வாகனம் வராத இடைவெளி கிடைத்ததும் கடந்து போய்விடுவார், பின்னர் ஆளில்லாத கடவையில் வாகனங்கள் சிவப்புக்கு நிற்கும். தொண்ணூறுகளில் பரவிய 'பஃபின்' முறை அதை உணரிகளால் தீர்த்தது. ஓரத்தில் ஒருவர் இன்னும் காத்து நிற்கிறாரா என்று ஓர் உணரி பார்க்கும். அவர் போய்விட்டால் அழைப்பை நீக்கிவிடும். கடவையின் மேல் இன்னும் எவராவது நடந்துகொண்டிருக்கிறாரா என்று வேறோர் உணரி பார்க்கும். மெதுவாக நடப்பவர் மறுகரை சேரும்வரை வாகனங்களுக்கான சிவப்பை நீட்டிக்கும். நடப்பவருக்கான விளக்கை எதிர்க்கரையில் வைக்காமல், நிற்கும் கரையிலேயே வாகனம் வரும் பக்கமாக வைத்திருப்பார்கள். விளக்கைப் பார்ப்பவரின் கண் வாகனத்தையும் பார்க்கட்டும் என்பதற்காக.

அமெரிக்காவில் இன்னொன்று உண்டு. செவ்வக வடிவ மஞ்சள் விளக்குச் சோடி ஒன்று கடவைப் பலகையின் கீழே இருக்கும். யாரும் இல்லாதபோது முற்றாக அணைந்திருக்கும். பொத்தானாலோ உணரியாலோ தூண்டப்பட்டதும் ஒழுங்கற்ற தாளத்தில் படபடவென்று மினுங்கும். புளோரிடாவில் இதைச் சோதித்தபோது வழிவிட்டு நின்ற சாரதிகளின் தொகை பெருமளவு கூடியதால், 2008 இல் அந்நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகம் இடைக்கால அனுமதி வழங்கியது. மணல்வீதி அண்ணா கேட்பது ஏறத்தாழ இதைத்தான். மாணவர்கள் செய்ய நினைப்பதும் இதுவே. சூரிய ஒளியில் இயங்கும். சமிக்ஞை விளக்குத் தொகுதிக்கு ஆகும் செலவில் சிறு பங்கே இதற்கு ஆகும்.

என் பெயரைப் பார்த்து யாராவது கேட்பீர்கள் என்பதால் நானே கேட்கிறேன்: ஏ9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக்கு இது பொருந்துமா?


வீதிமட்டம் எழுதியது:

பொருந்தாது. முறிகண்டியில் பேருந்திலிருந்து இறங்குபவர் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் எந்த இடத்திலும் கடக்கிறார். அங்கே கடவை என்பது ஒரு கோடு அல்ல, முழு முன்றலுமே கடவைதான். பெரும்பாலான வாகனங்கள் கும்பிடுவதற்காக நிற்கின்றன. நிற்காமல் போகும் ஒன்றிரண்டே ஆபத்து. அங்கே தேவைப்படுவது இரு எல்லைகளிலும் வேகத்தைக் குறைக்கும் கட்டுமானமும் நல்ல வெளிச்சமும். உணரிக்கு அங்கே வேலை இல்லை.


கணினிக் கண் எழுதியது:

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவன். ராடாரைவிடக் கமராவே சிறந்தது என்பது என் கருத்து. சிறிய கணினியில் இயங்கும் இன்றைய பட அறிதல் மென்பொருள் மனிதரையும் மாட்டையும் நாயையும் பிரித்தறியும். ஓரத்தில் நிற்பவர் கடக்கப் போகிறாரா, பேருந்துக்காக நிற்கிறாரா என்பதைக் கூட நடையின் திசையைக் கொண்டு ஊகிக்கலாம். ராடாரிடம் இந்தப் பகுத்தறிவு இல்லை. எமது கடவைகள் பெரும்பாலும் பேருந்துத் தரிப்பிடத்தை ஒட்டியே இருப்பதால், பேருந்துக்கு நிற்பவர்களால் ராடார் ஓயாமல் தூண்டப்படும். மணல்வீதி அண்ணாவின் மாடுகளுக்கும் இதுவே தீர்வு.


ஊன்றுகோல் எழுதியது:

தம்பி கணினிக் கண்ணுக்கு: நீங்கள் சொல்வது தொழில்நுட்பமாகச் சரியாக இருக்கலாம். ஆனால் வன்னியில் கம்பத்தில் ஏறும் கமராவை எமது சனம் எப்படிப் பார்க்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். யார் எங்கே போகிறார், யாருடன் நிற்கிறார் என்று கண்காணிக்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். "படம் சேமிக்கப்படாது" என்று பலகையில் எழுதி வைத்தால் அவர்கள் நம்புவார்களா? நான் நம்ப மாட்டேன். பாடசாலை வாயிலில், பிள்ளைகளை நோக்கி ஒரு கமரா என்றால் பெற்றோரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. போரில் ஒரு காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவன். வீதி வடிவமைப்பில் ஒரு பாதசாரி செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று கொள்வதாக வாசித்திருக்கிறேன். ஏழு மீற்றர் அகலமான வீதியை அவர் ஆறு செக்கனில் கடந்துவிடுவார். என்னைப் போன்றவருக்குப் பத்துச் செக்கன் வேண்டும். ஊன்றுகோல் இரண்டுடனோ சக்கர நாற்காலியிலோ வருபவருக்கு அதைவிடக் கூட. ஓரத்தில் வடிகால் மூடியும் மண்ணும் இருந்தால் முதல் அடி வைப்பதற்கே சில செக்கன் போய்விடும். எங்கள் மாவட்டங்களில் இப்படியானவர்கள் ஒருவர் இருவர் அல்லர். ஆகவே மாணவர்கள் விளக்கை 'இத்தனை செக்கன்' என்று நேரம் குறித்து அணைக்கக் கூடாது. நடு வீதியில் நான் இருக்கும்போது அது அணைந்தால், வரும் சாரதி கடவை வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவார். கடவையின் மேலும் ஓர் உணரி பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2009 தொடக்கம் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தமது அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு மேலும் சில செக்கன்கள் நீடிக்கும் வசதி உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அட்டையை எடுக்க ஒரு கை வெறுமையாக இருக்க வேண்டும். தானாக உணர்வதே எனக்கு விருப்பம்.


பற்றாசு எழுதியது:

ஊன்றுகோல் அண்ணா சொன்ன இரண்டும் சரி. கமரா விடயத்தில் இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: கிரவல் தூசியில் கண்ணாடி மங்கும், மாலை வெயில் நேராக அடித்தால் குருடாகும், மின்சாரமும் ராடாரைவிடப் பல மடங்கு வேண்டும்.

மாட்டைப் பிரித்தறிய வேறு வழி இருக்கிறது. ராடார் எல்லா நேரமும் காவல் இருக்கத் தேவையில்லை. பாடசாலை நேரங்களில் மட்டும் தானாக உணரட்டும். ஏனைய நேரங்களில் பொத்தான் அழுத்தினால் எரியட்டும். மாடு பொத்தானை அழுத்தாது. பேருந்துக்கு நிற்பவர் சிக்கலுக்கு, உணரியின் பார்வையைக் கடவையின் வாய்க்கு முன்னாலுள்ள ஒன்றரை மீற்றர் சதுரத்துக்குள் அடக்கி, அங்கே ஒரு செக்கனாவது நின்றால்தான் எரிய வேண்டும் என்று நிரலில் எழுதலாம். தரிப்பிடத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது அதைவிடச் சிறந்தது. அது உணரிக்காரனின் கையில் இல்லை.


முறிகண்டிக் கச்சான் எழுதியது:

ஒரு கேள்வி. விளக்கு எரிகிறது என்பதைக் கடப்பவருக்கும் காட்ட வேண்டாமா? இங்கே பச்சை மனிதன் தெரிந்தால்தான் கால் வைப்போம். பார்வையற்றவருக்கு ஒலியும் அதிர்வும் உண்டு.


வீதிமட்டம் எழுதியது:

இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று எண்ணுகிறேன். என் பதில்: காட்டக் கூடாது.

உங்கள் ஊரில் பச்சை மனிதன் தெரியும்போது வாகனங்களுக்குச் சிவப்பு விழுந்திருக்கிறது. சட்டத்தின் பலம் அதன் பின்னால் நிற்கிறது. இங்கே மாணவர்கள் செய்வது சிவப்பு அல்ல, மஞ்சள் எச்சரிக்கை மட்டுமே. அதைக் கண்டு நிற்பதும் நிற்காததும் சாரதியைப் பொறுத்தது. அதற்கு ஒத்ததாகப் பிள்ளைக்கு ஒரு பச்சையைக் காட்டினால், பிள்ளை வீதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கைப் பார்க்கப் பழகிவிடும். அரசின் இ.போ.ச. பேருந்து நின்று வழிவிடும்போது, அதற்குப் பின்னால் போட்டிக்கு வந்த தனியார் பேருந்தோ ஒரு மோட்டார் சைக்கிளோ வலப்பக்கமாக முந்திக்கொண்டு வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நின்ற பேருந்து பிள்ளையின் பார்வையை மறைக்கிறது. முந்துபவனின் பார்வையையும் மறைக்கிறது. எந்த உணரியும் இதைத் தடுக்காது. கடவைக்கு முன் நீண்ட தூரத்துக்கு முந்தத் தடைக்கோடும், முடிந்தால் நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டும் வேண்டும்.

உணரி பழுதடையும் நாளையும் எண்ணிப் பாருங்கள். விளக்கு சாரதிக்கு மட்டும் என்றால், பழுதடைந்த நாளில் அது இன்றைய சாதாரண மஞ்சள் கடவையாகிவிடும்; அவ்வளவே. பிள்ளைக்கு நம்பிக்கை ஊட்டப் பழக்கிவிட்டால், பழுதடைந்த நாளில் அது இன்றைய கடவையைவிட மோசமானதாகிவிடும்.

பார்வையற்றவருக்கு ஒலி தேவை என்பதை மறுக்கவில்லை. அமெரிக்க முறையில் அந்தக் குரல் 'மஞ்சள் விளக்குகள் மினுங்குகின்றன' என்று மட்டுமே சொல்கிறது. 'இப்போது கடக்கலாம்' என்று சொல்வதில்லை. அந்த அளவோடு நிற்பதே முறை.


சபை ஊழியன் எழுதியது:

பிரதேச சபையொன்றில் வேலை செய்கிறேன். எவரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: பொருத்திய மூன்றாம் மாதத்தில் இதை யார் பார்ப்பது?

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பணம் அனுப்பிப் பொருத்தும் சூரியசக்தித் தெருவிளக்குகளில் எத்தனை இன்று எரிகின்றன என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். திறப்பு விழாப் பலகை மட்டும் பழுதடைவதில்லை. பற்றரி களவு போகும். போகாவிட்டால் வெப்பத்தில் பழுதாகும். தகட்டின் மேல் தூசி படியும். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும். எமது சபையின் மின் பிரிவுக்குத் தெருவிளக்குகளைக் கவனிக்கவே ஆள் போதாது. ஏ9 எமது வீதியும் அல்ல.

அறுவடைக் காலத்தையும் மறக்க வேண்டாம். காலபோக நெல்லைத் தை, மாசி மாதங்களில் தார்க் கரையில் காயப் போடுவார்கள். பாடசாலை மதிலோரமும் விதிவிலக்கல்ல. நெல் கிண்டுபவரும் சாக்குக் கட்டுபவரும் நாள் முழுவதும் உணரியின் முன்னால் இருப்பார்கள். நடப்பவர்கள் நெல்லை மிதிக்காமல் இன்னும் உள்ளே, வாகனம் ஓடும் பகுதியில் நடப்பார்கள். கரையில் காத்திருக்கும் சதுரம் என்று பற்றாசு சொன்ன இடமே அப்போது இருக்காது.


பற்றாசு எழுதியது:

நெல்லுக்கு என்னிடம் நிரல் இல்லை. கடவையின் இருபுறமும் சில மீற்றரில் காயப் போடாமல் விடும்படி கமக்கார அமைப்பினூடாகக் கேட்டுக்கொள்வதே வழி. பிள்ளைகளுக்காக என்றால் கேட்பார்கள்.

பற்றரிக்குக் கணக்குச் சொல்லலாம். ராடாரும் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து ஒன்றரை வாற் எடுத்தால் நாளொன்றுக்கு 36 வாற் மணி. விளக்குகள் மினுங்கும்போது சராசரி பத்து வாற் என்றும், நாளில் மொத்தம் மூன்று மணி நேரம் மினுங்கும் என்றும் தாராளமாக வைத்தால் 30. ஆக 66 வாற் மணி. முப்பது வாற் தகடு நல்ல வெயில் நாளில் இழப்புப் போக ஏறத்தாழ 90 தரும். ஐப்பசி முதல் மார்கழி வரை சூரியனையே காணாத நாட்கள் தொடர்ந்து வருமென்பதால் நான்கு நாள் தாங்கும் கொள்ளளவு வேண்டும். அது 12 வோற்று, 22 அம்பியர் மணி அளவிலான லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி. ஈய அமிலப் பற்றரி வாங்க மலிவு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் இரு மடங்கு பெரிது வேண்டும், வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுளும் ஏறத்தாழப் பாதியாகும். எமது வெயிலில், பெட்டிக்குள், அதற்கு வாழ்வு குறைவு.

பாடசாலை வாயில்தானே? பற்றரியையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மதிலுக்கு உள்ளே, காவலாளியின் கண் படும் இடத்தில் வையுங்கள். வெளியே உணரியும் விளக்கும் மட்டும் இருக்கட்டும்.


மணல்வீதி எழுதியது:

கடவைக்கு 100 மீற்றருக்கு முன்னால் இன்னொரு சிறிய விளக்கு வைத்தால் எமக்குப் போதும். இரவில் கடவையின் மேல் வெளிச்சம் இல்லாவிட்டால் மஞ்சள் விளக்கு கண்ணைக் கூசச் செய்து, நிற்கும் ஆளை இன்னும் மறைத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் இருட்டிலும் வருகிறார்கள்.


வீதியோர ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இங்கே எழுதப்பட்டதை மாணவர்களுடன் வாசித்தோம். முதலில் விளக்கைப் பொருத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வீதிமட்டம் ஐயா தந்த கணக்கை வைத்து, வாயிலுக்கு முன்னால் மதிலோரத்தில் 50 மீற்றர் தூரத்தைக் குறித்து, வாகனங்கள் அதைக் கடக்கும் நேரத்தை நிறுத்தக் கடிகாரத்தால் அளக்கப் போகிறார்கள். 3.6 செக்கன் என்றால் மணிக்கு 50 கிலோமீற்றர், 2.6 செக்கன் என்றால் 70. அந்த அட்டவணையுடன், மேடான கடவைக்கும் முந்தத் தடைக்கோட்டுக்குமான கோரிக்கையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதமாக வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அனுப்புவோம். மதிலுக்கு உள்ளிருந்து உணரிகளை மட்டும் இயக்கிப் பதிவெடுப்பது அடுத்த கட்டம். ஒரே இடத்தில் ராடாரையும் வெப்ப உணரியையும் அருகருகே வைத்து, ஒரு மாணவர் கையால் எண்ணும் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். பற்றாசு அவர்கள், இதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?


பற்றாசு எழுதியது:

இரண்டு பிழைகளைத் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள், ஆசிரியர். ஆள் நின்றும் உணராதது ஒன்று. ஆளில்லாமல் உணர்ந்தது மற்றொன்று. மொத்தச் சரி வீதம் என்று ஒரே எண்ணாகச் சொன்னால் முன்னையது பின்னையதற்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு பதிவின் அருகிலும் நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதட்டும். ஒன்றரை மணிப் பதிவுகளைத் தனியாகப் பாருங்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தில் உணரி பிடிக்கிறதா என்பதையும் தனியாகச் சோதியுங்கள். பெரும்பாலும் பெரியவர்களை வைத்தே எல்லோரும் உயரத்தைத் தீர்மானிக்கிறார்கள். பெட்டியின் வயர் துவாரம் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், சிலிக்கனால் அடையுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் வெயில் காலப் பதிவை முடித்துவிட்டு, அதே பெட்டியைக் கழற்றாமல் மழையிலும் ஓட விடுங்கள். ராடார் உணரி ஒன்று என்னிடம் இருக்கிறது. பரந்தன் பக்கம் வரும்போது தந்துவிட்டுப் போகிறேன்.